கனகாம்பரம் பழைய ஃபேஷனா?

மாடித் தோட்டம்: கேள்வி-பதில்

போன இதழில் ‘பூச்செடியிலும் ஃபேஷன் உண்டு’ என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு வந்த கடிதங்களே இந்த முறை மேஜையை நிறைத்துவிட்டன. புதிதாகப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: நான் தோட்டக்கலை படித்தவன் இல்லை. பெரம்பூர் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் 33 வருஷம் வெல்டர். இப்போது அயனாவரத்தில் 400 சதுர அடி மொட்டை மாடி, 110 தொட்டி, ஒரு முதுகு வலி. இங்கே சொல்வதெல்லாம் பட்டுத் தெரிந்துகொண்டது.

40 வருஷமாகக் கனகாம்பரம், டிசம்பர் பூ, மல்லி வளர்க்கிறேன். புதிதாக வந்த மருமகள், “அத்தை, இதெல்லாம் பழைய ஃபேஷன், எடுத்துவிட்டு அடீனியம் (பாலைவன ரோஜா) வைப்போம்” என்கிறாள். வீட்டில் செடி வளர்ப்பவர்கள் நிஜமாகவே ஃபேஷன் பார்த்தா வைக்கிறார்கள்?
– ஒரு வாசகி, நங்கநல்லூர்

பார்க்கிறார்கள் அம்மா. நீங்களும் பார்த்துத்தான் வைத்தீர்கள். 40 வருஷம் ஆனதில் மறந்துபோயிற்று.

1980-களை நினைத்துப் பாருங்கள். தாவணி, ரெட்டைச் சடை, காதோரம் கனகாம்பரம். பஸ்ஸில் நாலு பெண்கள் ஏறினால் மூன்று பேர் தலையில் அதுதான். பெரும்பாலான வீடுகளில் இருந்தது நாட்டுக் கனகாம்பரம். காய் முற்றியதும் எச்சில் தொட்டு வைத்தால் ‘படக்’கென்று வெடித்து விதை தெறிக்கும், பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு. அப்புறம் அடர் ஆரஞ்சு நிறத்தில் டெல்லி கனகாம்பரம் வந்தது. அது விதை கட்டாத ரகம். பொதுவாகச் செடிகளுக்குக் குரோமோசோம் இரண்டு, நான்கு என்று ஜோடித் தொகுதியாக இருக்கும். இதற்கு மூன்று, அதனால் காய் பிடிக்காது. கொம்பு ஒடித்து நட்டால்தான் உண்டு. ஆக, யார் வீட்டிலாவது வாய்விட்டுக் கேட்டால்தான் நம் வீட்டுக்கு வரும்.

1984-ல் என் மனைவி வாலாஜாபாத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது பெட்டியோடு ஒரு பால் பவுடர் டப்பாவும் வந்தது. உள்ளே ஈர மண்ணில் மூன்று கொம்பு, டெல்லி கனகாம்பரம். என் அம்மா அதைப் பார்த்துவிட்டுச் சொன்னது இன்னும் காதில் இருக்கிறது: “இங்கதான் நல்ல கனகாம்பரம் இருக்கே, இந்த டெல்லிச் சரக்கு எதுக்கு?” உங்கள் மருமகள் கடிதம் எழுதியிருந்தால் நான் அவர் பக்கம்தான் பேசியிருப்பேன் என்பதற்கு இதுதான் காரணம்.

‘நம்ம பூ’ என்று நாம் உரிமை கொண்டாடும் பூக்களின் ஊரைக் கேட்டால் தலை சுற்றும். துலுக்கச் சாமந்தி மெக்சிகோ. மாலைக்கு இல்லாமல் முடியாத நிலச்சம்பங்கியும் மெக்சிகோ. காகிதப்பூவும் டேபிள் ரோஸும் தென் அமெரிக்கா. நித்தியகல்யாணி மடகாஸ்கர். ஒவ்வொன்றும் ஒரு காலத்தில் யாரோ ஆசைப்பட்டுக் கொண்டுவந்த புதுச்சரக்குதான். உங்கள் பட்டியலில் இருக்கும் கனகாம்பரமோ அசல் தென்னிந்தியா-இலங்கைப் பக்கத்துச் செடி. அதைப் போய்ப் பழைய ஃபேஷன் என்றால் அதற்குக் கோபம் வராதா!

ஃபேஷன் எப்படிப் பரவுகிறது என்பதை என் தெருவிலேயே பார்த்தேன். 2020 ஊரடங்கு. முனை வீட்டில் மஞ்சள் டேபிள் ரோஸ் கைப்பிடிச் சுவர் முழுக்கப் பூத்தது. கேட்டவர்களுக்கெல்லாம் அந்த வீட்டுத் தம்பி கிள்ளிக் கொடுத்தார். நேரில் தரப் பயந்து, பால் பாக்கெட் பையில் போட்டுக் கேட்டில் மாட்டிவைப்பார். நாலு மாதத்தில் 11 வீட்டில் டேபிள் ரோஸ். யாரும் கடைக்குப் போகவில்லை. அடுத்த ஐப்பசி மழையில் பாதிக்கு மேல் அழுகிப்போயிற்று. இன்றைக்கு மூன்று வீட்டில்தான் இருக்கிறது, அதிலும் ஒன்றில் தொட்டியில் இல்லை, தளத்து விரிசலில் தானாக முளைத்தது. சென்னையில் ஒரு பூ ஃபேஷனாகிறதா என்பதை அக்கம்பக்கம் முடிவு செய்கிறது. அது தங்குகிறதா என்பதை அக்னி நட்சத்திரமும் வடகிழக்குப் பருவமழையும் முடிவு செய்கின்றன.

உங்கள் வீட்டுச் சண்டைக்கு வருகிறேன். இரண்டு செடிக்கும் ஒரே இடம் வேண்டியதில்லையே! அடீனியத்துக்கு வேண்டியது மத்தியானம் கை வைக்க முடியாமல் சுடுகிற மேற்குக் கைப்பிடிச் சுவர். கனகாம்பரமும் டிசம்பர் பூவும் அரை நிழலிலேயே நன்றாக வரும். மேற்குச் சுவரை மருமகளுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கனகாம்பரம் மட்டும் காரணமில்லாமல் வாடினால் வேரைப் பிடுங்கிப் பாருங்கள். முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண்ணில் ஒரு பருவம் துலுக்கச் சாமந்தி போட்டால் புழு குறையும், மாலைக்குப் பூவும் ஆகும்.

1,200 ரூபாய் கொடுத்து வாங்கிய ஒட்டு அடீனியம். அடுக்கு இதழ், கறுஞ்சிவப்பு. கார்த்திகை மழையில் அடிக்கிழங்கு கொழகொழவென்று ஆகிவிட்டது. காப்பாற்ற முடியுமா?
– ஒரு வாசகி, வேளச்சேரி

கட்டைவிரலால் அடித்தண்டைச் சுற்றி அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு பக்கம் மட்டும் அமுங்கினால் பிழைக்கும். முழுக்க அமுங்கி, புளித்த வாடை அடித்தால் விட்டுவிடுங்கள்.

பிழைக்கும் என்றால் செடியைப் பிடுங்கி மண்ணை உதறுங்கள். சுத்தமான கத்தியால் அழுகலைச் சீவுங்கள். பழுப்பு நிறம் போய் தேங்காய்ப் பத்தை மாதிரி வெள்ளையாக வரும்வரை சீவ வேண்டும். இங்கேதான் எல்லோரும் கை நடுங்கி நிறுத்திவிடுகிறோம். ஒரு சின்னப் பழுப்புப் புள்ளி மிச்சம் இருந்தாலும் ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும். நான் மூன்றாவது செடியில்தான் இதைக் கற்றுக்கொண்டேன். வெட்டிய இடத்தில் பூஞ்சாணக் கொல்லி தூவி, நிழலில் காற்றாட ஒரு வாரம் கிடத்துங்கள். வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டியதும், பாதிக்கு மேல் கரடு மணலும் உடைத்த செங்கல் துண்டும் கலந்து, மீதிக்கு மண்புழு உரம் சேர்த்து நடுங்கள். புது இலை வரும்வரை தண்ணீர் காட்ட வேண்டாம்.

சீவும்போது வடியும் பால் விஷம். ஆப்பிரிக்காவில் வேட்டை அம்பு முனையில் தடவுவதற்கு இந்தச் செடியின் சாற்றைத்தான் பயன்படுத்தியிருக்கிறார்கள். கையை சோப்புப் போட்டுக் கழுவுங்கள், பிள்ளைகளைக் கிட்டே விடாதீர்கள்.

வறண்ட பாலைக்காட்டுச் செடிக்கு நம் ஊர் மழை ஜென்ம விரோதி. அடுத்த அக்டோபரில் முதல் மேகம் கறுத்ததும் தொட்டியைக் கூரைக்குக் கீழே தள்ளிவிடுங்கள்.

ஆன்லைனில் நீல ரோஜா விதை, வானவில் ரோஜா விதை என்று படத்தோடு விற்கிறார்கள். வாங்கலாமா?
– ஒரு வாசகர், ஆவடி

வேண்டாம் தம்பி. நானே 99 ரூபாய் கொடுத்து ஒரு பாக்கெட் வாங்கினேன். எந்தக் கடை என்று சொல்லப் போவதில்லை, அந்தப் பக்கம் இப்போது திறக்கவும் இல்லை. 20 விதை போட்டேன். 14 முளைத்தது. தினமும் காலையில் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். மூன்றாவது வாரம் என் மனைவி எட்டிப் பார்த்து, “குப்பைக்கீரைக்கா இவ்வளவு உபசாரம்?” என்றாள். மசியல் நன்றாகத்தான் இருந்தது.

ரோஜாவில் நீலத்துக்கு வேண்டிய டெல்ஃபினிடின் என்ற நிறமியே உருவாவதில்லை. ஜப்பானின் சன்டோரி நிறுவனம் ஆஸ்திரேலிய நிறுவனம் ஒன்றோடு சேர்ந்து பல வருஷம் உழைத்து, பேன்சிப் பூவின் மரபணுவை ஏற்றி ஒரு ரோஜாவை உண்டாக்கியது. 2009-ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதையும் பார்த்தால் நம் கண்ணுக்கு இளம் ஊதாதான். வானவில் ரோஜா இன்னும் சுலபம்: வெள்ளை ரோஜாவின் காம்பைக் கீறி, ஒவ்வொரு கீற்றையும் ஒரு சாயத் தண்ணீரில் நிறுத்திவைப்பார்கள். சாயம் ஏறிய பூவுக்கு ஏது விதை?

இன்னொன்று, பேர் சொல்லி விற்கிற ரோஜாவை விதை போட்டு அதே பூவாக எடுக்க முடியாது. பதியனோ ஒட்டோதான் வழி.

கிடைக்காத நிறத்துக்குக் காசைக் கொட்டுவது நம் காலத்து நோய் என்று நினைக்காதீர்கள். 1630-களில் ஹாலந்தில், இதழில் கோடு கோடாகப் பூக்கும் டுலிப்பின் கிழங்கு ஒன்றுக்கு வீட்டு விலை கொடுத்தார்கள். 1637 பிப்ரவரியில் சந்தை விழுந்தது. அந்த அழகான கோடு வந்ததே அசுவினிப் பூச்சி பரப்பிய வைரஸ் நோயால் என்று பிற்பாடு 20-ஆம் நூற்றாண்டில்தான் கண்டுபிடித்தார்கள்.

வெளிநாட்டில் ‘இந்த ஆண்டின் வண்ணம்’ என்று அறிவித்து, தோட்டத்திலும் அதே நிறத்தில் பூ வைப்பதாகப் படித்தேன். நாமும் செய்யலாமா அங்கிள்?
– ஒரு கல்லூரி மாணவி, அண்ணா நகர்

அமெரிக்காவின் பான்டோன் நிறுவனம் 2000-ஆம் ஆண்டிலிருந்து அப்படி அறிவிக்கிறது. 2023-ல் ஒரு மெஜந்தா. சரி, நம்மிடம் காகிதப்பூ இருக்கிறது, வாடாமல்லி இருக்கிறது. 2024-ல் பீச் பழ நிறம். அதற்கும் இட்லிப்பூவில் ஆள் உண்டு. 2025-க்கு அறிவித்தது மோக்கா, அதாவது நம்ம காபி நிறம். அந்த நிறத்தில் பூ வேண்டுமென்றால் மல்லியைப் பறிக்காமல் மூன்று நாள் செடியிலேயே விட்டால் போதும்.

கிண்டல் இருக்கட்டும். அங்கே அது நடக்கக் காரணம் இருக்கிறது. பனி விழுந்து தோட்டம் படுத்துவிடும். வசந்தத்தில் காலி மண்ணில் புது நாற்று வைப்பார்கள். வருஷத்துக்கு ஒரு தடவை பலகையைத் துடைத்து எழுதுகிற மாதிரி. லண்டன் செல்சியில் 1913-ல் தொடங்கிய மலர்க் கண்காட்சியில் மே மாதம் பார்த்ததை அதே கோடையில் வீட்டில் வைத்துப் பார்க்கலாம். நமக்கோ ஒரு மல்லிச்செடி 10 வருஷம் பூக்கும். நன்றாகப் பூக்கிற செடியை நிறம் மாறிவிட்டது என்று யார் பிடுங்குவார்கள்?

சென்னையில் அந்த விளையாட்டுக்கு ஒரே ஒரு ஜன்னல் திறக்கும். செப்டம்பர், அக்டோபரில் விதைத்து டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பூக்கிற பெட்டூனியா, டயாந்தஸ் வகையறா. பங்குனி வெயிலில் எப்படியும் போய்விடும், அதனால் வருஷா வருஷம் நிறம் மாற்றலாம். ஐந்து தொட்டியை அதற்கென்று ஒதுக்குங்கள். டுலிப், ஹைட்ரேஞ்சா பக்கம் மட்டும் போகாதீர்கள். டுலிப் கிழங்குக்குப் பல வாரம் குளிர் வேண்டும், ஹைட்ரேஞ்சாவுக்கு ஊட்டி, கொடைக்கானல் வேண்டும்.

2025 ஜனவரியில் செம்மொழிப் பூங்கா மலர்க் கண்காட்சிக்குப் போயிருந்தேன், முன்பு டிரைவ்-இன் ஹோட்டல் இருந்த அதே இடம். கூட்டம் முழுக்கச் செல்ஃபி. என் மனைவி ஒரு சுற்று பொறுமையாகச் சுற்றிவிட்டு, “எல்லாம் சரி, இதில் தலையில் வைக்கிற பூ எது?” என்றாள். பக்கத்தில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்துவிட்டார்கள்.

எங்கள் வீட்டில் பிரம்ம கமலம் முதல்முறையாக மொட்டு விட்டிருக்கிறது. இமயமலைப் பூ சென்னையில் பூப்பது அதிசயம், ஆரத்தி எடுக்க வேண்டும் என்கிறார் மாமியார்.
– ஒரு வாசகி, மேற்கு மாம்பலம்

ஆரத்தி தாராளமாக எடுங்கள், அழகுக்கு எடுப்பதில் தப்பில்லை. ஆனால் இது இமயமலைப் பூ இல்லை. நாம் வைத்திருப்பது மெக்சிகோ, மத்திய அமெரிக்கா பக்கத்துக் கள்ளிச் செடி. நிஷாகந்தி என்றும் சொல்வார்கள். அசல் பிரம்ம கமலம் சூரியகாந்திக் குடும்பம், உத்தராகண்டின் மாநில மலர், உயர்ந்த மலைச்சரிவில் வளர்வது. கேதார்நாத், பத்ரிநாத்தில் சாமிக்குச் சாத்துவது அதைத்தான். இரண்டும் ஒன்றுக்கொன்று சொந்தமே இல்லை. பேர் மட்டும் எப்படியோ ஒட்டிக்கொண்டது, வாட்ஸ்அப் வந்த பிறகு பிரிக்கவே முடியவில்லை.

தொங்கும் மொட்டு யானைத் துதிக்கை மாதிரி மேலே வளைந்து, உப்பிக்கொண்டு வந்தால் அன்று ராத்திரி பூக்கும். எட்டு, ஒன்பது மணிக்குத் திறக்க ஆரம்பிக்கும், நடு ராத்திரியில் முழுசாக விரியும், விடிவதற்குள் துவண்டுவிடும். பக்கத்து வீட்டாரைக் கூப்பிட்டுக் காட்டுங்கள். அவர்கள் இலை கேட்பார்கள், கொடுங்கள். அது இலையும் இல்லை, தட்டையான தண்டு. வெட்டியதை மூன்று நாள் காயவைத்து, கீழ்ப்பக்கத்தை மண்ணில் சொருகச் சொல்லுங்கள். பூக்க இரண்டு, மூன்று வருஷம் ஆகலாம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் ‘இவங்க கொடுத்தது பூக்கவே இல்ல’ என்று பேச்சு வரும்.

சாமந்தி செழிப்பாக வளர்கிறது. ஆனால் தை பிறந்தும் ஒரு மொட்டு இல்லை. உரம் எல்லாம் போட்டாயிற்று.
– ஒரு வாசகர், கொளத்தூர்

உங்கள் மாடிக்கு நேராகத் தெருவிளக்கு இருக்கிறதா சார்? உரத்தில் கோளாறு இல்லை, வெளிச்சத்தில்தான். சாமந்தி ராத்திரி நீண்டால்தான் மொட்டு வைக்கும். சென்னையில் ஜூன் மாதப் பகலுக்கும் டிசம்பர் மாதப் பகலுக்கும் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம் வித்தியாசம். அந்தச் சின்ன வித்தியாசத்தைச் செடி கணக்கு வைத்திருக்கிறது. நடு ராத்திரியில் வெள்ளை விளக்கு அடித்தால் கணக்குத் தப்பிவிடும். பூப்பண்ணைக்காரர்கள் பூப்பைத் தள்ளிப்போட வேண்டுமென்றே கூடாரத்தில் பல்ப் எரிப்பார்கள்.

விளக்கு இல்லாத மூலைக்குத் தொட்டியை மாற்றுங்கள். முடியாவிட்டால் சாயங்காலம் ஆறு மணிக்கு அட்டைப்பெட்டியால் மூடி, காலை ஏழு மணிக்கு எடுங்கள். விடாமல் ஒரு மாதம். ஒரு நாள் மறந்தாலும் செடி மறக்காது. என் வீட்டில் இதற்கென்று பழைய டி.வி. பெட்டி ஒன்று இருக்கிறது.

தொட்டித் தாமரை வைக்க ஆசை. கொசு வருமா?
– ஒரு வாசகி, தாம்பரம்

வரும். டெங்குக் கொசுவுக்கு நல்ல தண்ணீர்தான் பிடிக்கும். நாலு கப்பி மீன் விட்டால் புழுவைத் தின்றுவிடும். ஓட்டையில்லாத அகலத் தொட்டி, அடியில் களிமண், தினம் ஆறு மணி நேர வெயில். இந்த மூன்றில் எது குறைந்தாலும் இலைதான் மிஞ்சும். வேண்டாம் என்று தூக்கிப்போடும்போது ஏரியில் மட்டும் போடாதீர்கள். ஆகாயத்தாமரையும் பூ அழகாக இருக்கிறதென்று தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்ததுதான். இன்றைக்கு நம் ஏரிகளைப் பார்க்கிறீர்கள் இல்லையா?

எங்கள் அபார்ட்மென்ட் முகப்பில் பெங்களூரு மாதிரி கர்ட்டன் க்ரீப்பர் தொங்கவிட அசோசியேஷனில் தீர்மானம் போட்டிருக்கிறார்கள். நல்ல செடியா?
– ஒரு வாசகர், பள்ளிக்கரணை

பச்சைத் திரை வேண்டும் என்றால் நல்ல செடி. பூவை எதிர்பார்க்காதீர்கள். பூ வேண்டுமென்றால் ரங்கூன் மல்லி. சாயங்காலம் வெள்ளையாக விரிந்து, மறுநாள் ரோஸ், அதற்கு மறுநாள் சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும், மாலையில் வாசனையும் உண்டு. ஆனால் கனம். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் என் வீட்டு ரங்கூன் மல்லி கம்பி வலையோடு பெயர்ந்து கீழ்வீட்டு ஸ்கூட்டர் மேல் விழுந்தது. வெல்டிங் என் கை வேலைதான், வேறு யாரையும் குறை சொல்ல வழியில்லை. எதை வைத்தாலும் புரட்டாசி முடிவதற்குள் பாதியாக வெட்டிவிடத் தீர்மானத்தில் ஒரு வரி சேருங்கள்.

அடுத்த ஃபேஷன் எந்தப் பூ? சின்னதாக நர்சரி போடலாம் என்று இருக்கிறேன்.
– ஒரு வாசகர், குன்றத்தூர்

அது தெரிந்தால் நானே போட்டிருப்பேன். ஆந்திராவில் ராஜமுந்திரி பக்கத்துக் கடியம் என்ற நர்சரி ஊரிலிருந்து லாரி வந்து இறங்கும் நாளில் எந்த நர்சரி வாசலிலாவது அரை மணி நேரம் நில்லுங்கள். அன்று எது பூவோடு வந்திருக்கிறதோ அதுதான் அந்த வாரம் விற்கும். பூ இல்லாத செடி எவ்வளவு உயர்ந்த ரகமானாலும் திரும்பிப் பார்க்க ஆள் இருக்காது. களிமண் உருண்டையோடு வரும் ரோஜாவை நல்ல கலவையில் மாற்றி நட்டு, ஒரு மாதம் தேற்றிப் பிறகு விற்றீர்களானால் நானே வந்து வாங்குகிறேன்.

எனக்கு இப்போது ஆசை, ஊதாவில் வெள்ளை வரி போட்ட டிசம்பர் பூ. சின்ன வயதில் பார்த்தது. நாலு நர்சரியில் கேட்டுவிட்டேன், “அதெல்லாம் யார் சார் கேக்கறாங்க?” என்கிறார்கள். உங்களில் யார் வீட்டிலாவது இருந்தால் இதழ் முகவரிக்கு ஒரு வரி போடுங்கள். ஒரு கொம்புக்கு மூன்று டெல்லி கனகாம்பரக் கொம்பு தருகிறேன். டப்பா மட்டும் நீங்கள் கொண்டுவாருங்கள். பழைய டப்பாவை என் மனைவி தரமாட்டாள்.